முள் நடுவில்தான் இருந்தது

மாப்ள,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்குக்கூடப் பதில் போடவில்லை, தெரியும். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். டாக்டர் மணி ரிட்டயர் ஆகிவிட்டான். என் கை வழக்கம்போல் சும்மா இருப்பதில்லை. மற்றதெல்லாம் அப்புறம். இதைப் போனில் சொன்னால் நீ சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம்ம வண்டிக்குத் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுகிற சாக்கெட் இருக்குமே, அதில் செருகுகிற தீப்பெட்டி அளவு ப்ளூடூத் அடாப்டர். ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீர், என்ன சூட்டில் ஓடுகிறது என்று போனில் டிகிரியாகவே காட்டுகிறது. ஒரு மாதமாக எனக்கு வேறு வேலையே இல்லை. “எனக்கு டெங்கு வந்தப்போ இத்தனை தடவை ஜுரம் பார்த்தீங்களா?” என்று உன் தங்கச்சி கேட்கிறாள். பதில் இல்லை.

ஆனால் பார்க்கப் பார்க்க ருசியாகத்தான் இருக்கிறது. காலையில் 27-இல் ஆரம்பித்து மெதுவாக ஏறும். 82 தாண்டியதும் தெர்மோஸ்டாட், அதான் ரேடியேட்டருக்கு வழிவிடுகிற வால்வு, திறக்கிறது போல. ரேடியேட்டரில் கிடந்த ஆறிய தண்ணீர் உள்ளே வர, இரண்டு மூன்று டிகிரி டபக்கென்று இறங்கி மறுபடி ஏறும். உடுமலை ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 86, 87 டிகிரி, அசையாது. மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் டீசலே போகாதல்லவா, 78 வரைக்கும் குளிர்ந்துவிடுகிறது. இத்தனை வருஷம் ஓட்டியும் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

போன ஞாயிறு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினோம். ஐந்து பேர், மேலே கேரியரில் மூட்டை, ஏசி வேறு. முதல் வளைவில் 90. ஐந்தாவதில் 96. ஒன்பதாவது வளைவில் வியூ பாயின்ட்டுக்குச் சற்றுக் கீழே 103. குழந்தைகள் வரையாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் டாஷ்போர்டைப் பார்த்தேன். சூடு காட்டுகிற முள் நடுவில் நிற்கிறது, மாப்ள. கோடு போட்ட மாதிரி நடுவில். 86-இல் எங்கே நின்றதோ அதே இடத்தில்.

ஏசியை அணைத்து, இன்ஜின் சூடு உள்ளே வந்துவிடட்டும் என்று ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினேன். இன்ஜின் சத்தம் கூடினாலும் வாட்டர் பம்ப்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றுமே. உள்ளே எல்லோரும் வெந்துபோய் என்னைச் சபித்தார்கள். இரண்டு வளைவுக்குள் 97. மறுநாள் பார்த்தால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு விரல் கனத்துக்குச் சேறும் பூச்சியும். உள்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினேன், சரியாகிவிட்டது. அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் அந்த முள். விசாரித்தேன். கொஞ்சம் ஏறி இறங்கினாலே ஜனங்கள் பயந்துபோய் சர்வீஸுக்கு ஓடிவருகிறார்கள் என்று, இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் முள்ளை வேண்டுமென்றே அப்படிச் செய்துவிடுகிறார்களாம். சூடு பல டிகிரி ஏறினாலும் நடுவிலேயே நிற்கும். அது நகரும்போது காரியம் கைமீறிக்கொண்டிருக்கும். இன்னொன்றும் சொன்னார்கள். கூலன்ட் ஒழுகிப் போய்விட்டால் சென்சார் காற்றில் தொங்கும். தண்ணீர் கடத்துகிற மாதிரி காற்று சூட்டைக் கடத்தாது. இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் இறங்கிக்கூடக் காட்டுமாம்.

இதைக் கேட்டதும் எனக்கு 2016 ஞாபகம் வந்துவிட்டது. இதே மலை ரோட்டில், அட்டகட்டிக்குக் கீழே.

அன்றைக்கு நீதான் ஓட்டினாய். “வெல்லப்பாகு காய்ச்சுற மாதிரி வாசனை வருதுடா” என்றாய். நான் “உனக்குப் பசி, பொத்திக்கிட்டு ஓட்டு” என்றேன். கூலன்ட் ஒழுகிச் சூட்டில் பட்டால் அப்படித்தான் தித்திப்பாக வாசனை வருமாம். அடுத்த நாலு வளைவில் வண்டி நின்றது. கீழ் ஹோஸ் விரல் நீளத்துக்குக் கிழிந்து, ஒரு சொட்டு இல்லை. இன்ஜின் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், கடைசல் பட்டறை வரைக்கும் போயிற்று. “முள்ளைப் பார்க்காம ஓட்டியிருக்கான்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். “நடுவுலதான்டா இருந்துச்சு” என்று நீ இரண்டு தடவை சொன்னாய். மூன்றாவது தடவை சொல்லவில்லை. செலவில் பாதி, 18,000, நீயாகவே கொண்டுவந்து கொடுத்தாய். நானும் எண்ணி வாங்கினேன். அப்போது உனக்கு வேலைகூட இல்லை.

அதற்கப்புறம் நீ என் வண்டியின் சாவியைத் தொட்டதே இல்லை. கவனித்திருக்கிறேன். கேட்டதில்லை.

தப்பு என்மேல்தான். இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, விடு.

பணமாக அனுப்பினால் திருப்பி அனுப்புவாய், உன் திமிர் எனக்குத் தெரியும். அதனால் உன் வண்டிக்கு மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட் எல்லாம் செட்டாக வாங்கி வைத்துவிட்டேன். உன் வண்டிக்கும் பத்து வயசாகிறது. மூடியின் ரப்பரை அசட்டையாக விடாதே. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கூலன்ட் 100 தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். அடாப்டரும் ஒன்று வாங்கியிருக்கிறேன். எண் என்ன என்பதைவிட, வழக்கமான ரோட்டில் வழக்கத்தைவிட ஏறுகிறதா என்று பார். 86-இல் போகிற இடத்தில் ஒருநாள் 92 காட்டினால் அன்றைக்கே பானெட்டைத் திற. சூட்டோடு மூடியை மட்டும் திறக்காதே, அப்படித் திறந்து வெந்துபோன மணியின் கையை நினைத்துக்கொள்.

மே மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு வா. வால்பாறைக்கு என் வண்டியிலேயே போவோம். நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் படிக்கிறேன். வாசனை வருகிறது என்றால் சொல், நிறுத்திப் பார்த்துவிடுவோம்.

உன்,
ராசு