நாய் வருஷத்து நிக்கான்

மன்னார்குடி,
ஐப்பசி அடைமழை, ராத்திரி ஒன்பது மணி

அன்புள்ள காதர்,

நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய நிக்கான் கேமரா படம் நாலும் வந்து சேர்ந்தன. போனில் கட்டைவிரலால் பதில் தட்ட உட்கார்ந்தேன், ஓடவில்லை. கேமரா சமாச்சாரம் பேனாவில்தான் வரும்போல. எழுதியதைக் குமார் நாளைக்கு ஸ்கேன் எடுத்து உனக்கு அனுப்புவான்.

முதலில் ஊர்ச் செய்தி. நாலு நாளாக விடாமல் கொட்டுகிறது. பாமணி ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. சம்பா நட்டவன் வடிய வைக்க மண்வெட்டியோடு நிற்கிறான். போன வாரம் கூத்தாநல்லூர் போயிருந்தேன். உன் வீட்டு மேற்குச் சுவர் நீ பயந்த அளவுக்கு இல்லை, பூச்சு மட்டும்தான் உதிர்ந்திருக்கிறது. எங்கள் ஸ்டூடியோ ஓடுகிறது என்று சொல்லலாம். பாஸ்போர்ட் சைஸ், ஆதார் ஜெராக்ஸ், லேமினேஷன். பெயர்ப்பலகையில் மட்டும் இன்னும் ஸ்டூடியோ.

இப்போது உன் நிக்கானுக்கு வருகிறேன். எஃப்எம்2/டி மாடல், 1994 நாய் வருஷத்துப் பதிப்பு, மொத்தம் 300 உருப்படி. டைட்டானியம் மூடி, அதில் பொறித்த நாய், பட்டு வைத்த பெட்டி, பிரிக்காத உறை. 'நானும் 58-ல் பிறந்தவன், சீனக் கணக்கில் நாய் வருஷம், என் பழைய முதலாளி என்னை அப்படித்தான் கூப்பிடுவார், வாங்கலாமா?' என்று கேட்டிருக்கிறாய். நானும் 58தான், ஞாபகம் இருக்கட்டும். எனக்கும் சேர்த்து ஒரு நாய் பொறிக்கச் சொல்.

கேமரா தங்கம், அதில் சந்தேகமே வேண்டாம். பேட்டரி செத்தாலும் ஷட்டர் அடிக்கும், வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஒன்றுதான் பார்க்க முடியாது. செகண்டில் நாலாயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் பல்சக்கரமும் சுருளும் செய்கிற வேலை அது. ஆனால் நீ காசு கொடுக்கப்போவது அதற்கு இல்லை, நாய்க்கும் 300 என்ற எண்ணுக்கும். பொம்மை பொறித்தால் படம் கூர்மையாக விழுமா என்று எங்கப்பா கேட்டிருப்பார்.

இந்த வியாபாரம் பழசுதான். எந்த ஊரில் எது உணர்ச்சியோ அதை உலோகத்தில் ஏற்றி விற்பது. தாய்லாந்து ராஜா பட்டமேறி 50 வருஷம் ஆனபோது, 1996-ல், தங்க முலாம் பூசிய லைக்கா எம்6 போட்டார்கள். அந்த ஊர்ப் பழைய ஆயிரம் பாட் நோட்டில் ராஜா கழுத்தில் கேமரா தொங்கவிட்டுக்கொண்டு நிற்பாரே, அவருக்காவது அது பொருந்தும். ஒலிம்பஸ் 1988-ல் அலுமினியத்தில் ஓ-ப்ராடக்ட் என்று 20,000 செய்து, பாதியை ஜப்பானிலேயே வைத்துக்கொண்டது. 1998-ல் வந்த அந்த அகலப்பட கேமரா ஜப்பானுக்குள் ஃபூஜி டிஎக்ஸ்-1, வெளியில் அதே மிஷினுக்குப் பெயர் ஹாசல்பிளாட் எக்ஸ்பான். புகுந்த வீட்டில் பெயர் மாற்றிக் கூப்பிடுகிற மாதிரி. இதில் எனக்கு மரியாதை உள்ளது ஒன்றின் மேல்தான். 1957-ல் வந்த எஸ்பி கேமராவை நிக்கான் 2005-ல் திரும்பச் செய்தது, 2,500 உருப்படி, ஜப்பானுக்கு மட்டும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய வேலையைத் திரும்பச் செய்து காட்டினார்கள் பார், அது வித்தை. நாய் பொறிக்க ஒரு ஆள் போதும்.

நமக்கென்று யாரும் எதையும் பொறிக்கவில்லை. வடோதராவில் செய்த ஆக்ஃபா கிளிக் 3 தான் நம் 'ஸ்பெஷல் எடிஷன்', 120 ரோலில் பன்னிரண்டு படம். நல்ல கேமரா வேண்டுமென்றால் கூத்தாநல்லூர் சபுராளிகளின், அதாவது கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர்களின், பெட்டியில், நைலக்ஸ் புடவைக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் வர வேண்டும்.

அப்படி வந்ததுதான் உன் அத்தா கொண்டுவந்த ரோலை 35. எங்கப்பாவிடம் அவர் அதை விற்றது உனக்கு அப்போது பிடிக்கவில்லை, ஒரு மாசம் என்னோடு பேசாமல் இருந்தாய். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சோப்புக்கட்டி அளவு. லென்ஸை வெளியே இழுத்துத் திருகிப் பூட்ட வேண்டும். உள்ளே தள்ள வேண்டுமென்றால் முதலில் ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றி, பிறகு பொத்தானை அமுக்க வேண்டும். மறந்து அழுத்தினால் போச்சு. உன் அத்தா அதற்கு வைத்த பெயர் 'ஆமை'. தூரம் கண்ணால் மதிப்பிட்டு வைக்கிற கேமரா, அவர் காலடி வைத்து எண்ணிவிட்டு வந்து எடுப்பார். ஃபிளாஷ் மாட்டுவது அடியில். நேராகப் பிடித்தால் வெளிச்சம் கீழிருந்து போய், பெண்ணுக்குப் பின்னால் சுவரில் நிழல் பேய் மாதிரி எழுந்து நிற்கும். கல்யாண வீடுகளில் எங்கப்பா கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுப்பார், பசங்கள் சிரிப்பார்கள்.

அதன் உடம்பில் 'ரோலை சிங்கப்பூர்' என்று இருக்கிறது. ஜெர்மன் கம்பெனி எழுபதுகளில் நீ இருக்கிற சிங்கப்பூரில் பட்டறை போட்டு, 81-ல் மூடிவிட்டுப் போனது. சேகரிக்கிறவர்கள் ஜெர்மனியில் செய்ததற்குத்தான் கூடக் கொடுப்பார்கள். சிங்கப்பூர் என்றால் ஒரு மாற்று குறைவு. எனக்கென்னவோ அந்த எழுத்துதான் அதில் பிடித்தது.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இது. கஜா வந்ததே, 2018 நவம்பர் 16 விடியற்காலை. அதுவும் நாய் வருஷம்தான் என்பது நீ இந்தப் பேச்சை எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்டூடியோ கேமராக்களை எங்கப்பா காலத்திலிருந்து இரும்பு பீரோவில், கீழ்த்தட்டில் ஜீரோ வாட் பல்பு போட்டுத்தான் வைத்திருப்போம். ராவும் பகலும் எரியும். அந்தச் சின்னச் சூடுதான் ஈரத்தை விரட்டும். புயலில் தென்னை போனது, ஓடு போனது, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 17 நாள் ஆனது. வீட்டில் தண்ணீரும் அரிசியும் பார்ப்பேனா, பீரோவைப் பார்ப்பேனா? திறந்தபோது மார்கழி பிறந்துவிட்டது. மண்ணெண்ணெய் வாடை மாதிரி ஒரு புழுங்கல் வாடை.

தினமும் கையில் புழங்கிய கேமராக்களுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. பங்கஸ் என்கிற பூஞ்சை பிடித்தது எவை தெரியுமா? தோல் உறைக்குள் பத்திரமாகப் பூட்டி, யாரும் தொடக்கூடாது என்று வைத்தவை. ஆமையும் அதில் ஒன்று. டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் நெல் நாற்றின் வேர் மாதிரி வெள்ளை நூல் ஓடியிருந்தது. துடைத்தாலும், அது லென்ஸ் பூச்சைத் தின்ற தடம் போகாது. ஒரு பெரிய ஊர் மெக்கானிக்கிடம் அனுப்பினேன். நாலு மாசம் கழித்து லென்ஸ் சுத்தமாக வந்தது, மீட்டர் முள் அசையவில்லை. கேட்டதற்கு 'முன்னாடியே அப்படித்தான் சார் இருந்துச்சு' என்றார். போகட்டும்.

இப்போது உன் பெட்டியை நினைத்துப் பார். பட்டு, மரம், உறை, எல்லாம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற சாமான். பிரித்தால் விலை பாதியாகும் என்று 94-லிருந்து ஒருவரும் பிரிக்கவில்லை. பின்கதவு ஓரத்திலும் கண்ணாடி வந்து மோதுகிற இடத்திலும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். முப்பது வருஷத்தில் அது புழங்கினாலும் புழங்காவிட்டாலும் இளகித் தார் மாதிரி ஆகிவிடும். ஷட்டர் அடிக்காமலே கிடந்தால் எண்ணெய் இறுகும். பிரிக்காத பெட்டிக்குத்தான் விலை. நம்ம ஊர்க் காற்றிலும் உங்கள் ஊர்க் காற்றிலும் முதலில் சாவதும் அந்தப் பெட்டிதான். அந்த 300-ல் எத்தனை உள்ளுக்குள் செத்துக் கிடக்கிறதோ, திறந்தால்தானே தெரியும்!

அதனால் கடைக்காரரிடம் ஒன்று கேள். பிரித்துக் காட்டுவாரா? காட்டினால் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார், பல்குத்தும் குச்சியால் அந்த ஸ்பாஞ்சைத் தொட்டுப் பார், ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அடித்துக் காதால் கேள். இழுத்து இழுத்து முடிந்தால் வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால், பிரித்த விலைக்குப் பேசி வாங்கு. காட்ட மாட்டேன் என்றால் சலாம் போட்டுவிட்டு வா. சும்மா பீரோவில் வைக்கத்தான் என்றால், காசு உன்னுடையது, நான் தடுக்கவில்லை. ஆனால் ஈரத்தை விரட்டுகிற, கரண்டில் ஓடும் டிரை கேபினட் ஒன்று கூடவே வாங்கி, ஈரப்பத முள் 45-ல் நிற்கும்படி வைத்துக்கொள்.

வாங்கினால் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. ஃபிலிமை லக்கேஜில் போடாதே, அந்த எக்ஸ்ரேயில் புகை படிந்த மாதிரி கெட்டுவிடும். கைப்பையில் வைத்து, முடிந்தால் கையால் பார்க்கச் சொல். 400 ஸ்பீடு ஃபிலிம் மூன்று ரோல் போதும். இரண்டு உன் நாய்க்கு, ஒன்று ஆமைக்கு. மீட்டர் இல்லாவிட்டால் என்ன, பாமணிக் கரை வெயிலுக்கு எனக்குக் கணக்கு மனப்பாடம். தூரத்தை மட்டும் நீதான் காலடி வைத்து எண்ண வேண்டும், எனக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

தங்கச்சிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராமு

பின்குறிப்பு: கூத்தாநல்லூரில் பக்கத்து வீட்டுக்காரர் உன் மாமரக் கிளையை வெட்டலாமா என்று கேட்டார். உன்னைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.