தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் சங்கம், லண்டன்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வாணி விழா, விளையாட்டுப் போட்டி, தைப்பொங்கல் மூன்றும் வழமைபோல் நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒக்டோபர் மாத நிகழ்ச்சியைப் பற்றித்தான் நான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமைகளில் எங்களுக்கு வகுப்பறை தரும் பாடசாலை, தனது கறுப்பின வரலாற்று மாத மாலை நிகழ்வில் எங்களையும் பங்குபற்றக் கேட்டது. பிரித்தானியாவில் 1987 முதல் இந்த மாதம் ஒக்டோபரில் கொண்டாடப்படுகிறது. "இதில் எங்களுக்கு என்ன வேலை?" என்று செயற்குழுவில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை அன்றைக்கு மேடையேறிய நாடகமே சொல்லிவிட்டது.

நாடகம் உண்மைக் கதை. 1963இல் பிரிஸ்டல் நகரின் பஸ் கம்பனி கறுப்பினத்தவரையும் ஆசியரையும் சாரதிகளாகவோ நடத்துநர்களாகவோ சேர்க்க மறுத்தது. கை பெய்லி என்ற இளைஞர் நேர்முகத்துக்குப் போனபோது, அவர் மேற்கிந்தியத் தீவுக்காரர் என்று தெரிந்ததும் நேர்முகமே இல்லை என்றாகிவிட்டது. போல் ஸ்டீபன்சன் முதலானோர் பஸ் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். நான்கு மாதத்தில், ஓகஸ்ட் 28 அன்று, கம்பனி இறங்கி வந்தது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே நாள்! அப்புறம் அங்கே வெள்ளையரல்லாத முதல் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். இனப் பாகுபாட்டுக்கு எதிராக 1965இல் சட்டம் வந்தது. 1968இல் அது வேலைக்கும் வீட்டுக்கும் விரிந்தது. எண்பதுகளில் இங்கு வந்து வாடகை வீடு தேடிய எங்களவர்களுக்கு அந்த வழியில் வந்த சட்டம்தான் துணை நின்றது.

ரக்பீர் சிங்காக நடித்தவர் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளை. தலைப்பாகை அம்மாவின் சால்வை. டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் அது கண்ணை மறைக்க, ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடியே காட்சியை முடித்தார். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது.

சாப்பாட்டில் கானா பெற்றோருக்கும் நைஜீரியப் பெற்றோருக்கும் யாருடைய ஜொலோஃப் சோறு திறம் என்று போட்டி. நாங்கள் இரண்டையும் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தோம். எங்கள் வடை அரை மணித்தியாலத்தில் தீர்ந்துவிட்டது, அடுத்தமுறை இரண்டு மடங்கு சுட வேண்டும். அதோடு, பாதிப் பேர் நாடகம் முடிந்த பிறகே வந்து சேர்ந்தார்கள் என்பதையும் இங்கே பதிய வேண்டியிருக்கிறது.

வரும் ஒக்டோபரில் அந்தப் பாடசாலையின் ஸ்டீல் பான் (எஃகு மேளம்) குழுவோடு சேர்ந்து வாசிக்க மிருதங்கம் கேட்டிருக்கிறார்கள். விருப்பமுள்ள பிள்ளைகளின் பெயர்களைத் தேநீர் இடைவேளையில் என்னிடம் தாருங்கள்.

செயலாளர்