பற்றரி மாற்றக்கூடிய போன் வாங்கு மச்சான்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

பிரான்சிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உனக்கு எந்தப் போன் வாங்குவது என்று கேட்டிருந்தாய், அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உன் அம்மாவின் போன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் தேடுவாய். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பற்றரிதான் வீங்கியிருந்தது. பின்மூடி ஒரு பக்கம் கிளம்பி, டிஸ்பிளேயின் ஓரத்தில் இடைவெளி விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோப்பாய்க்குப் போய் அம்மாவிடம் போனை வாங்கிவந்து, கஸ்தூரியார் வீதியில் எனக்குப் பழக்கமான பெடியனிடம் கொடுத்து மாற்றிவிட்டேன். ஆகவே புதுப் போன் அனுப்பத் தேவையில்லை. அந்தக் காசை வைத்திரு, பிறகு ஒரு காரியத்துக்குக் கேட்கிறேன்.

ஏன் வீங்கியது என்று கேட்பாய். உன் அழைப்பு தவறிவிடக் கூடாது என்று அம்மா போனை இரவு பகலாகச் சார்ஜில் போட்டு, தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். லிதியம் பற்றரி முழுதாக ஏறினால் ஒரு செல் 4.2 வோல்ட்டிலோ அதற்குச் சற்று மேலோ நிற்கும். அந்த நிலையிலேயே நாள் முழுக்க, அதுவும் நமது சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே கிடந்தால், உள்ளே இருக்கும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகிவிடும். வாயு வெளியே போக வழியில்லை, பைதான் உப்பும். அம்மாவிடம் ‘எண்பது வீதம் வந்ததும் கழற்றுங்கோ’ என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார், ஆனால் கழற்றமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு டைமர் பிளக் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன். இரவில் இரண்டு மணித்தியாலம் ஏறும், பிறகு தானாக நின்றுவிடும். இப்போது வாங்கும் போன்கள் பலவற்றில் எண்பதோடு நிறுத்தும் வசதி உள்ளேயே இருக்கிறது. உன் போனிலும் இருக்கும், தேடிப் பார்த்துப் போட்டுவிடு.

பற்றரி மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். பின்மூடி முழுக்கப் பசை. சூடாக்கும் தட்டில் வைத்து, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் விட்டு, கண்ணாடி வெடிக்காமல் சுற்றிவர அறுத்து எடுக்கிறான். பிறகு பற்றரிக்குக் கீழேயும் பசை. வீங்கிய பற்றரியை நெம்பினால் குத்துப்பட்டுத் தீப்பிடிக்கலாம், அதனால் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆறுதலாகக் கழற்றினான். நல்ல கை. ஆனால் ஒரு பற்றரிக்கு இவ்வளவு பாடு ஏன் என்று நினைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் வைத்திருந்த நோக்கியாவில் நகத்தால் தட்டினால் மூடி கையோடு வரும். பிஎல்-5சி பற்றரி ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கும் நமது கடைகளில் கிடக்கும் சின்ன எப்.எம். ரேடியோக்கள் அதே பற்றரியில்தான் ஓடுகின்றன. போன் போய்விட்டது, பற்றரியின் அளவு மட்டும் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறது. யாரும் எந்தக் கடையிலும் வாங்கிப் போடலாம் என்பதால்தான் அது இன்னும் இருக்கிறது.

மச்சான், இதை உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பற்றரி என்றால் என்ன விலை என்று உனக்குத் தெரியும். பொருளாதாரத் தடையில் பற்றரி குடாநாட்டுக்குள் வராது, கரண்ட் வருடக்கணக்காக இல்லை. உங்கள் வீட்டு விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்தோமே. டைனமோ தருவது மாறிமாறி ஓடும் மின்சாரம், ரேடியோ கேட்பதோ ஒரே பக்கம் ஓடுவது. மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டையோட்டு நாலும், அதைச் சேர்த்துவைத்துச் சமப்படுத்தும் கப்பாசிட்டர் ஒன்றும் வைத்துக் கட்டினால் சரிவரும் என்று சந்தியடி ரேடியோ திருத்துகிற ஐயா சொல்லித்தந்தார். டையோட்டுகூட அவர்தான் பழைய செற் ஒன்றிலிருந்து கழற்றித் தந்தார், காசு வாங்கவில்லை. சுற்றும் கை தளர்ந்தால் பிபிசி தமிழோசையின் குரல் அமுங்கும், உன் அப்பா அறைக்குள்ளிருந்து ‘சுத்தடா, சுத்து’ என்று கத்துவார். செத்துப்போன டோர்ச் பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் பாடவைத்த ஊர் இது. ஒரு பொருளை எறிவதற்கு முன் திறந்து பார்க்க வேண்டும் என்பதை நான் அங்கேதான் படித்தேன். இதில் எனக்குப் பெருமை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

சரி, என் பக்கத்துச் செய்திக்கு வருகிறேன். கார்த்திகை மழை நேரம் எங்கள் வீட்டு ரீவி நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டால் சிவப்பு லைற் கண் சிமிட்டும், படம் வராது. ஒரு கடையில் காட்டினோம். திறக்காமலே ‘உள்ளே இருக்கும் சர்க்கியூட் போட் போய்விட்டது, போட் வாங்குகிற காசுக்குப் புதுசு எடுங்கோ’ என்றார்கள். வீட்டுக்காரிக்கும் புது ரீவி ஆசைதான். நான் ஒரு பின்னேரம் தரும்படி கேட்டேன்.

பின்பக்கத்தைக் கழற்றிப் பவர் சப்ளையைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. இரண்டு கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. நல்ல கப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். அதில் கீறியிருக்கும் கோடு அலங்காரத்துக்கு இல்லை, உள்ளே வாயு சேர்ந்தால் அந்த இடத்தில் விரிந்து கொடுக்கட்டும் என்று வைத்தது. அவை உப்பினால் மின்னோட்டத்தைச் சமப்படுத்த முடியாது, ரீவியின் மூளைக்குப் போகும் வோல்ட் துடிக்கும், அது பயந்து திரும்பத் திரும்பத் தன்னை நிறுத்தித் தொடங்கும். அந்தச் சிமிட்டலின் காரணம் அவ்வளவுதான். அதே அளவு மைக்ரோபரட் (கப்பாசிட்டர் சேர்த்துவைக்கும் அளவு), வோல்ட் ஒரு படி கூட, 105 பாகை தாங்குவது என்று கேட்டு வாங்கினேன். 85 பாகை என்று எழுதியதை யாராவது தந்தால் நீ வாங்காதே. சூடு பத்துப் பாகை குறைந்தால் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. நமது ஊர்ச் சூட்டில், சுவரோடு ஒட்டி மாட்டிய ரீவிக்குள், அந்த இருபது பாகை வித்தியாசம் பெரிய விஷயம். இரண்டுக்கும் கொடுத்த காசு ஒரு நேரக் கொத்துரொட்டிக் காசுகூட இல்லை. ஈயத்தை உருக்கிப் பழையதை எடுத்து, கழித்தல் கோட்டின் பக்கம் பார்த்துப் புதியதை வைத்து, மூடிச் சுவிட்சைப் போட்டேன். படம் வந்தது. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். இன்றைக்கும் ஓடுகிறது.

உன் மகன் இதுகளில் கை வைக்கிறான் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவை. சுவர் மின்சாரம் நேரே வரும் பக்கத்தில் ஒரு பெரிய கப்பாசிட்டர் இருக்கும். 230 வோல்ட் நேராக்கப்பட்டு அங்கே 325 வோல்ட் அளவில் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நேரம் அது அப்படியே இருக்கும். வோல்ட் அளக்கும் மல்டிமீற்றர் வைத்து அளந்து, இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் விரல் போக வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் திறக்கவே வேண்டாம், அது ஆயிரக்கணக்கான வோல்ட்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் போன் கிணற்றில் விழுந்தது இன்னொரு கதை. வாளி போட்டு எடுத்து அரிசிக்குள் புதைத்துவிட்டார்கள். அரிசி பெரிதாக ஒன்றும் உறிஞ்சாது மச்சான், தூசும் மாவும்தான் சார்ஜ் ஓட்டைக்குள் போகும். அப்பிள் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களிடம் அரிசிக்குள் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது. நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது உனக்குத் தெரியும். அதே வெள்ளை போட்டிலும் காய்ந்து படியும். அதோடு கரண்டும் ஓடினால் செம்புப் பாதைகளைப் பச்சையாகத் தின்றுவிடும். உடனே நிறுத்தி, திறந்து, பற்றரி இணைப்பைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். கஸ்தூரியார் வீதிப் பெடியன் அப்படித்தான் காப்பாற்றிக் கொடுத்தான்.

அந்தப் பெடியனைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே அரிசியைவிடச் சின்னச் சில்லுகளைக் கழற்றிப் பூட்டுகிறான். படித்தது எல்லாம் யூடியூப்பில். எனக்கு அவனைப் பிடித்ததற்குக் காரணம், கழற்றிய பழைய பாகத்தைச் சின்னப் பையில் போட்டுத் திருப்பித் தருவான். டிஸ்பிளே மாற்ற வந்தால் ஒரிஜினல், கொப்பி இரண்டையும் மேசையில் வைத்து வெளிச்சத்தைக் காட்டி, ‘நீங்களே பார்த்து எடுங்கோ அண்ணை’ என்பான். ஆனால் அவன் சொல்லும் கஷ்டம் புதுசு. இப்போது சில பெரிய கம்பனிகளின் போன்களில் நல்ல பாகத்தையே போட்டாலும் போன் அதை ஏற்காமல் எச்சரிக்கை காட்டுகிறது, சில வசதிகளையும் நிறுத்திவிடுகிறது. பாகத்தின் இலக்கத்தையும் போனின் இலக்கத்தையும் மென்பொருளால் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அந்த முடிச்சைப் பெரும்பாலும் கம்பனியின் வழியாகத்தான் அவிழ்க்கலாம். காசு கொடுத்து வாங்கியவன் கையில் பொருள் இருக்கிறது, உரிமை இன்னும் விற்றவன் கையில் இருக்கிறது. இது பெரிய அநியாயம். பரிஸில் இருந்தால் கம்பனிக் கடைக்கு நடந்து போகலாம். இங்கே அந்தப் பெடியன் முடியாது என்று சொன்னால் அந்தப் போனுக்கு வேறு கதி இல்லை.

2022இல் என்ன நடந்தது என்று உனக்குப் போனில் சொல்லியிருந்தேன். டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது, பல சாமான்களின் இறக்குமதி நின்றது, மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. புதுப் போன் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. திருத்தும் கடைகளில்தான் சனம் நின்றது. கரண்ட் போனால் கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்கும் பழைய யூபிஎஸ் ஒன்றின் 12 வோல்ட் பற்றரியை நான் எடுத்து, நடுவில் பியூஸ் வைத்து ரவுட்டருக்குக் கொடுத்தேன், மகளின் ஒன்லைன் வகுப்பு நிற்காமல் நடந்தது. லாப்டொப்பும் அப்போதுதான் உயிர்பெற்றது. பத்து வருடப் பழசு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்து அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, ராம் என்ற தற்காலிக நினைவகத்தைக் கூட்டினேன். இன்றைக்கும் மகள் அதில்தான் படிக்கிறாள். அதில் ராமை மாற்ற இடம் இருந்தது. இப்போது வரும் மெல்லிய லாப்டொப்புகள் பலவற்றில் ராம் போட்டோடு ஒட்டி வருகிறது. வாங்கும் அன்று எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான்.

இனி நீ கேட்ட முக்கிய கேள்வி. உனக்கு எந்தப் போன் வாங்குவது? கமராவையும் விளையாட்டையும் பற்றி உன் மகனிடம் கேள், அவனுக்கு என்னைவிடத் தெரியும். நான் சொல்வது வேறு. உங்கள் பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து போன் விலைக்குப் பக்கத்தில் திருத்தக்கூடிய தன்மைக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டு வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. திருத்தும் குறிப்புகள் கிடைக்குமா, கழற்ற எவ்வளவு சுலபம், பாகம் கிடைக்குமா, பாகத்தின் விலை என்ன, இதையெல்லாம் கூட்டித்தான் அந்தப் புள்ளி. 2025 ஜூன் 20க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க விற்பனைக்கு வரும் போன்களுக்கு அதற்குப் பதிலாகத் தனி லேபல் வந்திருக்கிறது, அதில் திருத்தும் தரம் ஏ முதல் ஈ வரை இருக்கும். பாகங்கள் விற்பனை முடிந்து ஏழு வருடம் கிடைக்க வேண்டும், பற்றரி 800 தடவை ஏறி இறங்கிய பிறகும் எண்பது வீதம் பிடிக்க வேண்டும் என்றும் அதே நாளில் தொடங்கிய விதிகள் சொல்கின்றன. 2027 பெப்ரவரி 18இலிருந்து கையடக்கக் கருவிகளின் பற்றரியை வாங்கியவரே கழற்றக்கூடியதாக வைக்க வேண்டும் என்று இன்னொரு சட்டமும் இருக்கிறது, அதில் சில விலக்குகளும் உண்டு. எங்களுக்கு இங்கே இப்படி லேபல் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே விற்கும் மொடல்கள் பல இங்கேயும் வருகின்றன. அதனால் உங்கள் கடையில் இருக்கும் அந்த லேபல் எனக்கும் உதவும்.

கடைக்குப் போகும்போது லேபலில் அந்தத் திருத்தும் தரத்தைப் பார். இரண்டு மூன்று மொடல்களின் லேபலைப் படம் எடுத்து அனுப்பு. நான் கஸ்தூரியார் வீதியில் அவற்றின் டிஸ்பிளேயும் பற்றரியும் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்கிறேன். நீ ஊருக்கு வரும்போது விழுந்து உடைந்தாலும் நல்லூரில் நின்றே திருத்திக்கொண்டு போகலாம்.

முதலில் சொன்ன காசுக் காரியம் இதுதான். பள்ளிக்கூட விடுமுறையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சிலரைச் சனிக்கிழமைகளில் கூட்டி, ஈயம் பற்றவைக்கவும் மல்டிமீற்றர் பிடிக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய ரேடியோ, பழுதான சார்ஜர், ரீவி ரிமோட், கிடைப்பதை எல்லாம் திறக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் ரிமோட்டின் ரப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பூச்சுத் தேய்ந்ததைத் தானே கண்டுபிடித்தாள், அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. வெப்பம் கட்டுப்படுத்தும் நல்ல சோல்டரிங் அயன் இரண்டும், நட்சத்திரத் தலைத் திருகாணிக்கான செற் ஒன்றும் தேவை. இங்கே கிடைப்பவற்றின் நுனி சீக்கிரம் மழுங்குகிறது.

திருவிழாவுக்கு வரும்போது கொண்டு வா. உன் அலமாரியில் கிடக்கும் உடைந்த டேப்லெட்டையும் எறியாதே, பிள்ளைகள் திறந்து பார்க்கட்டும். பற்றரி வீங்கியிருந்தால் மட்டும் அதை விமானத்தில் ஏற்றக் கூடாது, அங்கேயே சேகரிக்கும் பெட்டியில் போட்டுவிட்டு மற்றதைக் கொண்டு வா. வீங்காவிட்டால் கைப்பையில் வை, பெரிய பெட்டிக்குள் வேண்டாம்.

மச்சாளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். ரிக்கற் போட்டதும் திகதியை அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்