விழா நாளில் வரும் காய்ச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறப்பதற்கு முந்தைய வாரத்தில் கல்லூரிகளில் நடைபெறும் சமத்துவப் பொங்கல் விழாக்களின் படங்களைத் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. ஒரே நிறச் சேலையில் பானையைச் சுற்றி நின்று குலவையிடும் மாணவிகளின் முகங்களில் தெரியும் மகிழ்ச்சி உண்மையானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் முப்பத்தோர் ஆண்டுகள் அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, அப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவற்றில் இல்லாத பிள்ளைகளின் நினைவே முதலில் வருகிறது. "மேடத்துக்கிட்ட காய்ச்சல்னு சொல்லிடு" என்று தோழியிடம் சொல்லியனுப்பிவிட்டு அன்று வீட்டிலேயே இருந்துவிட்ட பிள்ளைகள் அவர்கள். அந்தக் காய்ச்சல் எத்தகையது என்பதை நான் அறிவேன். எனக்கும் அது வந்திருக்கிறது.

1981ஆம் ஆண்டு உசிலம்பட்டிப் பக்கத்து ஊரொன்றிலிருந்து மதுரை மகளிர் கல்லூரி ஒன்றில் சேர்ந்தபோது என்னிடம் இரண்டு பாவாடை தாவணிகள் இருந்தன. ஒன்றை உடுத்தினால் மற்றொன்று கொடியில் காயும். அவற்றுள் பச்சைப் பாவாடை அக்காவுக்கு எடுத்தது. அடியில் மடித்துத் தைத்திருந்ததைப் பிரித்து என் உயரத்துக்கு இறக்கியதில், மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் வெளிறாமல் கரும்பச்சைப் பட்டையாகக் காலைச் சுற்றித் தெரியும். அந்தப் பட்டையைத்தான் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று முதலாண்டு முழுவதும் நம்பினேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் வெளியேறிய பின்பே எழுந்தேன். விடை தெரிந்த கேள்விக்கும், எழுந்து நிற்க வேண்டியிருக்குமே என்று வாய் திறக்காமல் இருந்தேன். ஆண்டு விழாவில் கட்டுரைப் போட்டியின் முதல் பரிசுக்கு என் பெயரை அழைத்தபோது நான் அரங்கிலேயே இல்லை. பட்டுப் பாவாடை இல்லாத காரணத்தால் விடுதி அறையில் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தேன். மறுநாள் தமிழாசிரியை கேட்டபோது காய்ச்சல் என்றேன். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், பரிசுப் புத்தகத்தைத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நம் மாநிலத்தில் பள்ளிப் பருவம் முடியும் வரை இந்த அச்சத்திலிருந்து பிள்ளைகளைச் சீருடை பெரும்பாலும் காத்துவிடுகிறது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை சத்துணவுத் திட்டத்தில் உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. மேல் வகுப்புகளிலும் எல்லாரும் ஒரே உடுப்பில்தான் வருகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக "இன்றைக்கு எதை உடுத்துவது" என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லாதிருந்த பிள்ளை, பதினேழு பதினெட்டு வயதில், பிறர் கண்ணுக்கு மிகவும் கூசுகிற அந்த வயதில், ஒரே நாளில் அந்தக் காப்பு இல்லாமல் கல்லூரி வாசலில் வந்து நிற்கிறாள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவளாக அவள் இருந்தால், எதை உடுத்தினால் பொருந்தும் என்று சொல்லித் தரவும் வீட்டில் ஆள் இல்லை. பையன்களுக்கும் இந்தக் கூச்சம் உண்டு. அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நாம் அதைக் குறைத்து மதிப்பிடுகிறோம்.

இந்த அன்றாடக் கூச்சத்தின் மேல்தான் விழா நாட்களின் 'செட் சாரி' வந்து சேர்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மூன்று சேலைகளின் படங்களைப் போடுகிறார். மாலைக்குள் நிறம் முடிவாகிவிடுகிறது. சேலை அறுநூறு ரூபாய் என்றால், லைனிங் வைத்து ரவிக்கை தைக்கக் கூலி நானூறு. பொருத்தமான வளையல், தோடு வேறு. பனிக்காலத்தில் மதுரையில் மல்லிகை என்ன விலை விற்கும் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் மாதந்தோறும் கிடைக்கும் ஆயிரம் ரூபாய், பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆக வேண்டிய பணம், அந்த மாதம் ஒரு நாள் உடைக்கே போதாமல் போகிறது. "என்னால் முடியாது" என்று நாற்பது பேர் பார்க்கும் குழுவில் எழுத எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? எல்லாரையும் போல அவளும் கட்டைவிரல் குறியைப் போட்டுவிடுகிறாள். விழா அன்று அவளுக்குக் காய்ச்சல் வருகிறது.

இதில் என் பங்கையும் நான் மறைக்கக் கூடாது. துறைக்கு ஒரு நிறம் என்று பேராசிரியர்களே முடிவு செய்த ஆண்டுகள் உண்டு. மாம்பழ மஞ்சளா மயில்நீலமா என்று நடந்த பேச்சில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன். 2023 பொங்கலுக்குப் பிறகுதான் விழித்தேன். ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத முதலாண்டு மாணவி ஒருத்தி விழா அன்று மட்டும் வரவில்லை. மறுநாள் காய்ச்சல் என்றாள். என் கை தானாகவே அவள் நெற்றிக்குப் போனது. நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் என் ஆசிரியை எதை அறிந்துகொண்டு பேசாமல் இருந்தார் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவரைப் போல நான் பேசாமல் இருக்கவில்லை. பச்சைப் பாவாடையின் கதையை அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு, வாரத்தில் மூன்று நாள் ஒரே நீலச் சுடிதாரில் வருவதை எல்லாரும் கவனிக்கிறார்கள் என்றும், அதனாலேயே கேண்டீன் பக்கம் போவதில்லை என்றும் சொன்னாள்.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு காரியம் செய்தேன். நேற்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன நிறத்தில் என்ன உடுத்தியிருந்தார் என்று, அவரைக் கேட்காமல், ஒரு துண்டுத் தாளில் எழுதச் சொன்னேன். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்த அந்த வகுப்பில் சரியாக எழுதியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. தான் நேற்று என்ன உடுத்தினேன் என்பதை மட்டும் ஒவ்வொருவரும் ரவிக்கையின் கையளவு உட்பட நினைவில் வைத்திருந்தார்கள். நீலச் சுடிதார் மாணவியின் பக்கத்தில் இருந்தவள் "பச்சை" என்று எழுதியிருந்தாள்.

இது என் வகுப்புக்கு மட்டும் உரிய செய்தி அன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மாணவர் ஒருவருக்குப் பலர் முன் அணியக் கூச்சப்படும்படியான படம் அச்சிட்ட பனியன் ஒன்றை அணிவித்து, மற்ற மாணவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேராவது அந்தப் படம் யாருடையது என்பதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. மேடையில் நம்மேல் மட்டும் விளக்கு விழுவதாக எண்ணிக்கொள்ளும் இந்த மயக்கம் கல்லூரி வயதில் எவருக்கும் வரக்கூடியது. வறுமை அதைப் பலமடங்கு பெருக்கிவிடுகிறது.

என் கல்லூரித் தோழிகள் சிலரைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் சந்தித்தேன். அந்தப் பச்சைப் பாவாடை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். ஒருவருக்கும் இல்லை. வசதியான வீட்டுப் பெண் என்று நான் நினைத்து ஒதுங்கியே இருந்த ஒருத்தி சொன்னாள்: "உன் பாவாடையை நான் எங்கடி பார்த்தேன்? சித்தியோட ஜாக்கெட்டை நாலு ஊக்குக் குத்திப் போட்டுக்கிட்டு, எது எப்பத் தெறிக்குமோன்னு உக்காந்திருந்தேன்." மூன்றாண்டுகள் ஒரே வகுப்பில் இருந்தும் நாங்கள் இருவரும் நெருங்கிப் பேசாமலே போனோம் என்பதை எண்ணும்போது இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆனால் பார்க்கும் கண்களே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று சொல்லிவிட நான் துணிய மாட்டேன். உடையைப் பார்த்து ஆளை அளப்பது நம் மண்ணில் நெடுநாள் வழக்கம். இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தபோது, நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்கே பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது; 1859இல் அதற்கு இசைந்து வந்த அரசாணையும், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையுடனேயே வந்தது. 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே சென்னையில் ஒரு கிளப்புக்குள் விடப்படவில்லை; அதன் பிறகே, வேட்டி உடுத்தியவரைப் பொது இடங்களில் தடுப்பவருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க வகைசெய்யும் சட்டத்தை நம் சட்டமன்றம் இயற்றியது. ஆகவே நல்ல உடை மீது ஒரு பிள்ளைக்கு இருக்கும் ஆசையை வீண் பகட்டு என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதை நான் ஏற்க மாட்டேன். "ஆள் பாதி ஆடை பாதி" என்று அவள் காதில் ஓதி வளர்த்தவர்களே நாம்தாம். உடுத்த மறுக்கப்பட்டவர்களின் பேத்தி நன்றாக உடுத்த விரும்புவதில் தன்மானம் இருக்கிறது. நான் நீங்க வேண்டும் என்று விரும்புவது, அந்த உடை இல்லாத நாளில் தான் வெளியே வரத் தகுதியற்றவள் என்று அவள் நினைக்கிற நினைப்பு மட்டுமே.

மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்த காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22ஆம் நாள் அரையாடைக்கு மாறிய செய்தியை இவ்வூர்ப் பிள்ளைகள் அனைவரும் அறிவார்கள். அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன், அதே செப்டம்பர் மாதத்தில், பதினெட்டு வயதில் கப்பலை விட்டு இங்கிலாந்துக் கரையில் இறங்கியபோது, தான் ஒருவன் மட்டுமே வெள்ளை ஃபிளானல் உடையில் இருப்பதைக் கண்டு வெட்கித்ததையும், பெட்டிகள் கைக்கு வராததால் உடனே மாற்றிக்கொள்ள வழியின்றித் தவித்ததையும் அவரே எழுதியிருப்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அதன்பின் அவர் பத்தொன்பது ஷில்லிங்கில் தொப்பி வாங்கினார். லண்டன் பாண்டு தெருவில் பத்துப் பவுண்டு செலவிட்டு மாலை விருந்து உடை தைத்தார். கண்ணாடி முன் நாள்தோறும் பத்து நிமிடம் நின்று டை கட்டப் பழகினார். அந்த மோகம் மூன்று மாதங்களில் அடங்கினாலும் உடை பற்றிய கவனம் பல ஆண்டுகள் நீடித்தது என்பதும் அவர் சொன்னதே. விரும்பி ஏற்ற எளிமையும் வேறு வழியில்லாத எளிமையும் ஒன்றல்ல. ஏழை மாணவியிடம் போய் காந்தியைப் பார் என்று சொல்வது கொடுமை. நான் அவளிடம் சொல்ல விரும்புவது அந்த வெள்ளை உடை இளைஞனைப் பற்றித்தான். அவரும் கூசினார், கூச்சம் ஒரே நாளில் போய்விடவில்லை.

நீல உடை மாணவிக்கும் அது ஒரே நாளில் போகவில்லை. முதலில் ஒரு வாரம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். பிறகு கேண்டீனுக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன். ஒவ்வொரு நாள் மாலையும், இன்று என் உடையைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். பெரும்பாலான பக்கங்களில் அவளால் தேதியை மட்டுமே எழுத முடிந்தது. இரண்டு முறை ஒருத்தி "மறுபடியும் இதுதானா?" என்று கேட்டது உண்மை. "ஆமா, இதுதான் எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லப் பழகினாள். அடுத்த ஆண்டு பொங்கலுக்கு நிறம் பேசத் தொடங்கியபோது, தான் செட் சாரி எடுக்கப் போவதில்லை என்பதை வகுப்பு ரெப்பிடம் நேரில் சொல்லிவிட்டாள். அந்த ரெப்பே தன் சேலைக்கு அத்தையிடம் கைமாற்று வாங்கியிருந்தாள் என்பது அப்போதுதான் வெளிவந்தது. அவ்வாண்டு எங்கள் துறையில் அவரவரிடம் இருந்ததை உடுத்தி வந்தார்கள். படத்தில் ஒழுங்கு குறைவுதான். வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

கல்லூரி முதல்வர்களையும் துறைத் தலைவர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் வேண்டுவது இதுதான்: விழாச் சுற்றறிக்கையில், குறிப்பிட்ட நிறமோ புதுத் துணியோ தேவையில்லை, இருப்பதை உடுத்தி வரலாம் என்று ஒரு வரி சேருங்கள். நிறத்தை மாணவர்களே முடிவு செய்கிறார்கள் என்று விலகி நிற்காதீர்கள். மறுத்துப் பேச இயலாதவர்கள் அந்த முடிவில் இல்லை. தாங்களும், படம் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே நிறத்தில் நிற்கும் குழுவுக்கே இடம் என்ற வழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பல நிறங்களில் நிற்கும் பிள்ளைகளின் படமும் ஒன்று வரட்டும்.

இவ்வாண்டு விழாவுக்கு முன்னாள் ஆசிரியர்களை அழைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு உடுத்திய அதே சுங்குடிச் சேலையில் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை,
மதுரை.