கூட வந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கடந்த அக்டோபரில் எங்கள் பிறை வட்டாரப் பெண்களை மார்பகப் பரிசோதனைக்கு அழைத்துப்போக உதவிய எல்லோருக்கும் இந்த மடல். நேரில் சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் மிஸ்ஸிக்கு, அதாவது தாதிக்கு. முதல் ஞாயிறு கோவில் மண்டபத்தில் படம் போட்டு விளக்கினோம். எல்லோரும் கேட்டார்கள், பசியாறிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் மிஸ்ஸி ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, பாயில் உட்கார்ந்தார். "எதுவா இருந்தாலும் கேளுங்கம்மா" என்றார். அப்புறம்தான் பேச்சு வந்தது. வலிக்குமா? மெஷினாலேயே நோய் வருமா? கத்தி பட்டால் பரவிவிடுமா? ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பக்கத்துக்கு இரண்டாக நான்கு படம் எடுப்பார்கள், தகடு அழுத்துவது சில விநாடிதான். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறையும். அன்றைக்குப் பவுடர் வேண்டாம், படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்து குழப்பும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் வலிக்கவில்லை என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

அந்தக் கடைசி வார்த்தையில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். என் அம்மா கட்டியைப் பதினொரு மாதம் மறைத்து வைத்திருந்தார். "வலிக்கலையே" என்பதுதான் அவர் சொன்ன காரணம். நாங்கள் அழைத்துப்போனபோது தோல் புண்ணாகியிருந்தது. மலேசியச் சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் பார்த்தேன். நம் நாட்டில் முதல் கட்டத்தில் கண்டுபிடித்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 87.5 விழுக்காடு, நான்காம் கட்டத்தில் 23.3. அம்மாவுக்கு யாராவது கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். மிஸ்ஸி, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறேன்.

வேன் அண்ணனுக்கு. பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனுக்கு மூன்று நடை ஓட்டினார். எண்ணெய்க் காசு ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை. யார், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் பெரிய உதவி.

பாரங்களை மலாய்மொழியில் நிரப்பிக் கொடுத்த தங்கைக்கும் நன்றி. சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவசப் பரிசோதனை உண்டு, பெண்களுக்கு அதில் மேமோகிராம் என்கிற இந்த மார்பகப் படமும் அடங்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் தொழிற்சாலைக்குப் போகும் பல அக்காமார்களுக்குத் தெரிந்தது. இராத்திரி ஷிப்டை மாற்றிக்கொடுத்த சூப்பர்வைசருக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிமார்களுக்கும் நன்றி.

படம் எடுத்த இளம்பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். நடுங்கிய பெரியம்மாவிடம் "மெதுவா, அம்மா" என்று நம் மொழியிலேயே பேசினீர்கள். உங்களுக்கு இந்த மடல் எட்ட வேண்டும்.

வந்தவர்களில் இருவரை மறுபடி கூப்பிட்டார்கள். ஒருவருக்கு ஸ்கேனில் அது வெறும் நீர்க்கட்டி என்று தெரிந்தது. இன்னொருவருக்கு ஆரம்பக் கட்டம். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அறுவை முடிந்துவிட்டது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ஏறுவேன் என்கிறார். முதலில் அவரை வேனில் ஏற்றிவிட்டது அவருடைய மருமகள். மருமகளே, நீ செய்த காரியம் உனக்கே தெரியாது.

அன்று கடைசி நேரத்தில் வராமல் நின்றுவிட்ட இரண்டு அக்காமார் போன வாரம் பெயர் கொடுத்துவிட்டார்கள். வேன் அண்ணனிடம் சொன்னேன். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அன்புடன்,
கோவில் மகளிர் குழுவிலிருந்து ஒரு தங்கை
பிறை, பினாங்கு