அப்பாவின் ரிவால்வரை வாங்கப் போகிற பெண்ணுக்காக

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். முப்பது வயது இருக்கும். அவள் அப்பா குன்னூர்ப் பக்கம் அடகுக்கடை வைத்திருந்தவர், ஆறு மாதம் முன்பு தவறிவிட்டார். அவருடைய ரிவால்வர் இப்போது ஸ்டேஷனில் இருக்கிறது. வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு மனு போட்டிருக்கிறாள். படிவம், போலீஸ் விசாரணை, மனநலம் உடல்நலம் பற்றிய மருத்துவச் சான்று என்று காகித வேலை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் கேட்டது ஒன்றுதான். "அக்கா, கைக்கு வந்த அப்புறம் அதைக் கூட வச்சுக்கிட்டு எப்படி வெளிய போறது? யாருமே சொல்லித் தர மாட்டேங்கறாங்க."

2022இல் இதே கேள்வியோடு நான் அலைந்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்குக் கோத்தகிரிப் பக்கம் சிறிய நகைக்கடை. 2020இல் என் கணவர் இறந்த பிறகு பழைய தங்கத்தைக் கோவை ராஜ வீதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, புது நகை வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. காலையில் மேட்டுப்பாளையம் இறங்கி, பொழுது சாய்வதற்குள் மலை ஏறிவிட வேண்டும். அவருடைய .32 ரிவால்வரைச் சட்டப்படி ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தோம். ஒன்றரை வருடம் கழித்து லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது. இன்று கடை மகன் கையில், தங்கம் போய் வருவதும் வேறு ஏற்பாட்டில். இனி அந்தப் பாதையில் நான் போவதில்லை என்பதால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

ரிவால்வரைத் திரும்ப வாங்கிய அன்று ரசீதில் கையெழுத்துப் போட்டேன். துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். அவ்வளவுதான். பயிற்சிச் சான்று என்னிடம் இருந்தது. ஓர் இடத்தில் ஒரே பகலில், குறி அட்டையைப் பார்த்துச் சில தோட்டாக்கள் சுடவைத்துக் கொடுத்த சான்று அது. சுடுவதற்கு அரை நாள் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த ரிவால்வரை நான் சுடவே போவதில்லை. வருடக்கணக்கில் சுமக்கத்தான் போகிறேன். சுமப்பது பற்றி அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு நல்ல காலம், ராணுவ மையம் இருக்கிற வெலிங்டன் பக்கம் ஓய்வு பெற்ற ராணுவ சுபேதார் ஒருவர் குடும்ப நண்பர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் என் கைப்பையை வாங்கி மேசையில் கவிழ்த்தார். "இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழட்டி வைக்கறீங்க? யார் யார் இதுக்குள்ள கை விடறாங்க?" என்று கேட்டார். நான் எண்ணிப் பார்த்தேன். கடை மேசையில், காரின் பின் சீட்டில், ஓட்டலில் பக்கத்து நாற்காலியில். சாக்லேட் தேடிப் பேரன் கை விடுவான், சில்லறைக்கு மருமகள் கை விடுவாள். திருடன் முதலில் பிடுங்குவதும் அதைத்தான். அன்றோடு கைப்பை வேண்டாம் என்று ஆயிற்று.

அடுத்து புடவை. நாற்பது வருடமாகக் கட்டுகிற புடவையை விட எனக்கு மனசில்லை. ஆனால் கொசுவத்தில் முக்கால் கிலோ இரும்பு நிற்காது. பாவாடை நாடா தாங்காது. ஜாக்கெட்டுக்குள் வைக்கிற பேச்சையே அவர் எடுக்க விடவில்லை. கடைசியில் பயணம் போகிற நாளில் மட்டும் சுடிதார், அதற்குள் கெட்டியான தோல் பெல்ட், அதில் கோத்த தோல் உறை என்று முடிவாயிற்று. பெல்ட் தொளதொளவென்று இருந்தால் உறை வெளிப்பக்கம் சாயும், துணியில் அதன் வடிவம் அப்படியே தெரியும். உறை எந்தத் தோலிலும் இருக்கட்டும், ட்ரிக்கரை முழுவதும் மூட வேண்டும், ரிவால்வர் தானாக நழுவக் கூடாது. இந்த இரண்டிலும் அவர் துளி விட்டுக் கொடுக்கவில்லை. கைத்துப்பாக்கியை உறையில் போட்டு, வெளியே தெரியாதபடி மூடித்தான் பொது இடத்தில் எடுத்துப் போக வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் சொல்கின்றன. மறைப்பது நம் வசதிக்காக மட்டும் இல்லை, எதிரே வருகிறவர்களைப் பயமுறுத்தக் கூடாது என்பதற்காகவும்தான்.

அளவெடுத்து உறை தைத்த பிறகும் அவர் ரிவால்வரை எடுக்கச் சொல்லவில்லை. அதே நீளம், அதே தடிமனில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். "ஒரு மாசம் இதைப் போட்டுக்கிட்டு இருங்க. சமைங்க, படி ஏறுங்க, கடையில உட்காருங்க" என்றார். மரக்கட்டைக்கு எதற்கு ஒரு மாதம் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே புரிந்தது. கேஸ் சிலிண்டரை நகர்த்தக் குனிந்தால் விலாவில் குத்தியது. கடைத் திண்டில் சம்மணம் போட்டால் கட்டையின் முனை துணியைத் தூக்கியது. காரில் சீட் பெல்ட் அதன் மேலேயே வந்து அழுத்தியது. மலைப்பாதை வளைவுகளில் உடம்பு சாயும்போதெல்லாம் உறையும் சாய்ந்தது. இடுப்பின் வலப்பக்கம் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒரு பெரிய ஸ்வெட்டர் போட்ட பிறகுதான் சரியானது. நம் ஊர்க் குளிரில் ஸ்வெட்டர் போட்ட பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேட்டுப்பாளையத்தில் இறங்கினதும் எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள், நான் கழற்ற முடியாது. அதற்காக மெல்லிய பருத்தியில் நீளமான மேல்சட்டை ஒன்று தனியாகத் தைத்தேன். இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் மரக்கட்டையோடு கற்றுக்கொள்ளாமல் தோட்டா போட்ட ரிவால்வரோடு கற்றுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பயம் தனிக்கதை. நிஜ ரிவால்வரோடு முதல்முறை மார்க்கெட் வழியாக நடந்தபோது எல்லாக் கண்ணும் என் இடுப்பில் இருப்பதுபோல இருந்தது. பத்து அடிக்கு ஒருமுறை ஸ்வெட்டருக்கு மேல் கை போயிற்று. கடைப் பையன், "அக்கா, வயித்து வலிங்களா?" என்றான். அந்தக் கேள்விதான் என்னைத் திருத்தியது. ரிவால்வரை அவன் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தான்.

என் அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். வெடிமருந்து செய்கிற இடத்தில் தீப்பெட்டி இருக்கக் கூடாது. தினமும் வாசற்படியில் நின்று சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். வழியில் மறுபடி தடவிப் பார்த்து நான் கண்டதில்லை. நானும் அதையே செய்தேன். கிளம்பும் முன் வீட்டுக்குள்ளேயே பெல்ட், உறை, உறையின் பூட்டு, லைசென்ஸ் புத்தகம் நான்கையும் பார்த்துவிடுவேன். படி இறங்கிய பிறகு கை அந்தப் பக்கம் போகாது. இப்படிப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது.

கழிப்பறை பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெண்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. வழியில் ஓட்டல் கழிப்பறையில் பெல்ட்டைத் தளர்த்தியதும் உறை கீழே இழுக்கும். சிலர் ரிவால்வரை உருவித் தண்ணீர்த் தொட்டி மேலே வைப்பார்களாம், மறந்து வந்துவிடுவார்களாம். எக்காரணம் கொண்டும் உறையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. நான் வீட்டிலும், போய்ச் சேருகிற கடையிலும் தவிர வழியில் எங்கும் போவதில்லை என்றே வைத்துக்கொண்டேன்.

என்னுடைய ரிவால்வர் நடுவில் மடங்குகிற வகை. தாழ்ப்பாளை அழுத்திக் குழலைச் சாய்த்தால் எல்லாத் தோட்டாவும் ஒன்றாக எழும்பி வரும். ஆறு அறையில் ஐந்தில்தான் போடுவேன், தோட்டாவைத் தட்டுகிற சுத்தியலுக்கு நேரான அறை காலி. வீடு திரும்பியதும் கைகால் கழுவுவதற்கு முன் அதைக் காலி செய்வேன். எப்போதும் ஒரே மூலை, குழல் மணல் நிரப்பிய ஒரே வாளியைப் பார்த்தபடி. தோட்டாவை எண்ணி ஒரு பெட்டியில், ரிவால்வரை வேறு லாக்கரில். எண்ணுவது ஏன் என்பதை ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காசிக்குப் போக கோவையில் விமானம் ஏற வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, பழைய கைப்பையின் உள்ஜேப்பில் ஒரு தோட்டா கிடந்தது. ஸ்டேஷனிலிருந்து வாங்கி வந்த அன்று தங்கியது. விமான நிலையச் சோதனையில் அது கிடைத்திருந்தால் என் விளக்கத்தை யார் கேட்டிருப்பார்கள்? அன்று இரவு தூங்கவில்லை.

நம் மலைக்கே உரிய சங்கதிகள் சில உண்டு. ஒன்று ஈரம். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை பிடித்தால் பீரோவில் இருக்கிற பட்டுப்புடவையே பூசணம் பூக்கும். ரிவால்வரைத் தோல் உறையிலேயே விட்டு வைத்தால் தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இரும்பை அரிக்கும். வந்ததும் உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, மெல்ல எண்ணெய் தடவி, துணியில் வைக்க வேண்டும்.

இன்னொன்று எல்லை. லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கும். நாடுகாணி தாண்டினால் கேரளா, கக்கனல்லா தாண்டினால் கர்நாடகா. என் மகள் மைசூரில் இருக்கிறாள். ஊட்டியிலிருந்து மைசூர் போகிற சாலை முதுமலைக்குள் போகிறது. வன உயிரின சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. லைசென்ஸ் இருக்கிறதே என்று காரில் போட்டுக்கொண்டு தெப்பக்காடு வழியாகப் போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மகள் வீட்டுக்குப் போகும்போது ரிவால்வர் லாக்கரில் இருக்கும்.

காட்டெருமைக்கு உதவும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து வழியில் சாயங்காலம் எதிரே அது நிற்கும்போது .32 தோட்டா அதைக் காயப்படுத்தும், கோபப்படுத்தும், அவ்வளவுதான். சட்டம் அதற்குத் தருகிற பாதுகாப்பும் மிகப் பெரியது. நின்று, பின்வாங்கி, வழி விட வேண்டும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

மனிதர்கள் விஷயத்தில் சுபேதார் சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம். நகைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட எனக்கு உரிமை இல்லை. தற்காப்பு என்பது வந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவோடு நிற்கிறது. அதனால் ரிவால்வரோடு போய் வந்த அந்த இரண்டு வருடமும் நான் பழகியது பெரும்பாலும் வேறு காரியங்கள். கிளம்பும் நேரத்தை மாற்றுவேன், ஒரே கடையில் காபி குடிக்க மாட்டேன், கார் கதவு திறக்கும் முன் சுற்றிலும் பார்ப்பேன். இடுப்பில் கனம் இருந்ததால் கடைக்கு வெளியே யாரோடும் வாய்ச்சண்டைக்குப் போனதில்லை. பார்க்கிங் தகராறில் ஒருவர் என்னை அசிங்கமாகத் திட்டியபோதும் தலை குனிந்து காரை எடுத்துவிட்டேன்.

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்காக ஒப்படைக்கச் சொன்னதால் மார்ச்சில் ரிவால்வரை ஸ்டேஷனில் கொடுத்தேன், ஜூனில் திரும்ப வந்தது. அந்த மூன்று மாதமும் அதே பாதையில் போய் வந்தேன். முதல் நாள் வெறும் இடுப்பு என்னவோ போல இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. சுற்றிப் பார்க்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. ரிவால்வர் இல்லாமலும் அவ்வளவு கவனமாக இருக்க முடிகிறது என்றால் அது உண்மையிலேயே தேவையா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணிடமும் இதை மறைக்கவில்லை. வேண்டாம் என்று தோன்றினால் லைசென்ஸ் பெற்ற வியாபாரிக்கு விற்றுவிடலாம், அப்பாவுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். யோசித்தாள். வைத்துக்கொள்ளத்தான் போகிறேன் என்றாள். சரி, அது அவள் முடிவு.

மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல்துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான். வாரிசு லைசென்ஸ் வாங்குகிறவர்களில் பலர் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டிராதவர்கள், துக்கம் ஆறாதவர்கள். விதிகளில் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று இருக்கிறது. அந்தப் பயிற்சி அட்டையைச் சுடுவதோடு நிற்க வேண்டாம். உடம்பில் சுமப்பது, வீட்டில் காலி செய்து பூட்டுவது, எங்கெங்கே கொண்டுபோகக் கூடாது என்பது, இவற்றுக்கு முழுதாக ஒரு நாள் ஒதுக்குங்கள். வெலிங்டனையும் அருவங்காட்டையும் வைத்திருக்கிற மாவட்டத்தில் சொல்லித் தரத் தெரிந்த ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. பெண்களுக்குச் சொல்லித் தர ஒரு பெண் இருந்தால் இன்னும் நல்லது. கூப்பிட்டால் நான் வருகிறேன்.

அந்தப் பெண்ணின் லைசென்ஸ் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். சுபேதார் செதுக்கிய மரக்கட்டை என் பீரோவில்தான் இருக்கிறது. அவளுக்காக எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீலகிரி மாவட்ட வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)