மூட்டையிலிருந்து ஹெல்மெட் எடுத்துக் கொடுப்பவர்களுக்கு

மலையேற்ற, பாறையேற்றப் பயணங்களை நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். பாறை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்ததும் வண்டியிலிருந்து ஒரு பெரிய மூட்டை இறங்கும். அவிழ்த்தால் ஹெல்மெட்டுகள் உருண்டு விழும். "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க, நேரமாச்சு" என்று ஒரு குரல் வரும். முன்னால் நிற்பவருக்கு நல்லது கிடைக்கும், கடைசியில் நிற்பவருக்கு மிச்சம் மீதி. ஐந்து நிமிடத்தில் எல்லார் தலையிலும் ஏதோ ஒன்று ஏறிவிடும். ஒரு படம் எடுத்துக்கொள்வோம், ஏறத் தொடங்குவோம். உங்களைப் போன்ற பல குழுக்களோடு போய் இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். குறை சொல்ல எழுதவில்லை என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் குறைதான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மூன்றாவது பயணத்தில் அந்தக் கடைசி ஆள் நான்தான். கையில் வந்தது என் தலைக்கு இரண்டு அளவு பெரியது. பின்பக்கத் திருகை எவ்வளவு சுற்றியும் பிடிக்கவில்லை. உள்ளே பல் தேய்ந்து போயிருந்தது. நடத்தியவரிடம் காட்டினேன். "தாடைப் பட்டையை நல்லா இழுத்துக் கட்டுங்க, சரியாயிடும்" என்றார். கட்டினேன். எச்சில் விழுங்கினால் கழுத்தில் வலித்தது, ஆனால் தலையில் ஹெல்மெட் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

அன்று, ஏறுபவர் விழுந்தால் தாங்குவதற்காகக் கீழே நின்று கயிறு பிடிக்கும் வேலை எனக்கு. கயிறு பிடிப்பவர் மேலே பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், வேறு வழியில்லை. தலையை நிமிர்த்தும்போதெல்லாம் ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றி முழுக்க வெளியே தெரிந்தது. கைகள் இரண்டும் கயிற்றில் இருக்க, அதை யார் முன்னுக்கு இழுத்துவிடுவது? ஏறிக்கொண்டிருந்தவரின் காலடியில் ஒரு சில்லு பெயர்ந்தது. நெல்லிக்காய் அளவுகூட இருக்காது. புருவத்துக்கு மேலே மூன்று தையல். பயண அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "ஹெல்மெட் அணிந்திருந்தார்." பொய்யில்லை. அணிந்துதான் இருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தக் குழுவோடு போனாலும் பக்கத்தில் நிற்பவரின் ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள். இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். தெரிந்தவர்கள் இருப்பீர்கள், இருந்தாலும் கேளுங்கள். முதலில் ஒரு தையல் டேப் வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு மேலாகச் சுற்றி, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தின் வழியாக அளக்க வேண்டும். பெரும்பாலான ஹெல்மெட்டுகளின் உள்ளே அது எத்தனை செ.மீ. முதல் எத்தனை செ.மீ. வரை பொருந்தும் என்று ஒட்டியிருப்பார்கள். ஆட்களின் அளவுகளைப் பயணத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் மூட்டையில் எத்தனை சின்னது, எத்தனை பெரியது வேண்டும் என்று தெரிந்துவிடும். ஷூ அளவு கேட்கிறீர்கள், ரத்த வகை கேட்கிறீர்கள், சைவமா அசைவமா என்றுகூடக் கேட்கிறீர்கள். தலை அளவை ஒருவரும் கேட்டதில்லை.

அளவு சரியாக இருந்தாலும் வேலை முடியாது. இரண்டு பேருக்கும் சுற்றளவு 57 செ.மீ. இருக்கும், ஒருவருக்கு உருண்டைத் தலை, இன்னொருவருக்கு நீண்ட தலை. ஒருவருக்குக் கச்சிதமாக உட்காருவது மற்றவருக்கு நெற்றியில் அழுத்தி, பக்கவாட்டில் இடைவெளி விடும். அதற்குச் சோதனை தலையில் போட்டுப் பார்ப்பதுதான். திருகைத் தளர்த்தி, ஹெல்மெட்டைச் சமமாக வைக்க வேண்டும். முன்விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலம், அதற்கு மேல் வேண்டாம். பின்பக்கப் பிடி பின்மண்டைப் புடைப்புக்குக் கீழே போய் உட்கார வேண்டும். பலருக்கு அது புடைப்பின் மேலேயே நின்றுவிடும், அப்புறம் எவ்வளவு திருகினாலும் வழுக்கும். சரியாக உட்கார்ந்ததும் திருகை இறுக்கி, தாடைப் பட்டையை மாட்டாமலேயே குனிந்து தலையை ஆட்டச் சொல்லுங்கள். விழாமல் நிற்க வேண்டும். தலையைப் பிடித்து நிறுத்த வேண்டியது திருகு இறுக்கும் உள்வளையம். அடி விழும்போதும் ஆள் தலைகீழாகும்போதும் ஹெல்மெட் கழன்று போகாமல் காப்பது பட்டையின் வேலை. என்னிடம் "பட்டையை இழுத்துக் கட்டு" என்று சொன்னவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் பட்டை. முன்பட்டையும் பின்பட்டையும் காது மடலுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும், காதின் மேலே ஓடக் கூடாது. தாடைக்கடியில் ஒரு விரல் நுழையும் அளவு இடம் போதும். கடைசியாக, முன்விளிம்பில் உள்ளங்கையை வைத்து மேலும் பின்னும் தள்ளுங்கள். நெற்றி வெளியே வந்தால் மறுபடி முதலிலிருந்து. இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டுமே செய்ய நேரம் இருக்கிறது என்றால் இந்தத் தள்ளிப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். எனக்கு அன்று யாராவது இதைச் செய்திருந்தால் தையல் விழுந்திருக்காது.

முடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உச்சிக் கொண்டையோடு ஹெல்மெட் சமமாக உட்காரவே உட்காராது. பின்னலைக் கழுத்தருகே தாழ்வாகக் கட்டச் சொல்ல வேண்டும், அதையும் ஹெல்மெட் கொடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். தடித்த கம்பளித் தொப்பிக்கு மேல் மாட்டினாலும் இதே கதை. குளிரென்றால் மெல்லிய தொப்பி போட்டு, அதோடு சேர்த்துத் திருகை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது உங்கள் மூட்டைக்குள் இருப்பது என்ன என்ற கேள்வி. மூன்று பயணங்களில் கட்டட வேலைக்கான ஹெல்மெட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை பாதிப் பேருக்கு சைக்கிள் ஹெல்மெட். "எல்லாம் ஹெல்மெட்தானே" என்றார்கள். மலையேற்ற ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 12492. அதில் தாடைப் பட்டை 500 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும், ஏறத்தாழ 50 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். தொழிற்சாலை ஹெல்மெட்டுகளுக்குப் பல காலமாக இருந்துவரும் ஈஎன் 397 தரத்திலோ பட்டை 150 முதல் 250 நியூட்டனுக்குள் தானாக விட்டுவிட வேண்டும் என்று வைத்தார்கள். அது குறை இல்லை, வேண்டுமென்றே செய்தது. வேலை செய்பவரின் ஹெல்மெட் எதிலாவது மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகி உயிர் போய்விடக் கூடாதே என்ற கவலை. ஆனால் பாறையில் விழுபவர் ஒருமுறை மோதி நிற்பதில்லை. ஊசலாடி மறுபடி மோதுவார், கயிறு காலுக்குப் பின்னால் சிக்கியிருந்தால் தலைகீழாகவே திரும்புவார். முதல் மோதலில் ஹெல்மெட் கழன்று பறந்தால் இரண்டாவதுக்கு வெறும் தலைதான்.

சைக்கிள் ஹெல்மெட்டின் கணக்கே வேறு. ஈஎன் 1078 சோதனையில் ஹெல்மெட் மாட்டிய தலை போய்ச் சாலையில் மோதுவதைத்தான் பார்க்கிறார்கள். மேலிருந்து கூர்மையான கல் வந்து விழுந்தால் உள்ளே துளைக்குமா என்பது அங்கே கேள்வியே இல்லை. காற்றுக்கு விட்ட நீளத் துளைகளைப் பார்த்தாலே புரியும். மலையேற்றத் தரத்திலோ மூன்று கிலோ எடையுள்ள கூம்பு ஒன்றை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டு, முனை தலையைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். பனிச்சறுக்குக்கு ஈஎன் 1077, பாராகிளைடிங்குக்கு ஈஎன் 966 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. உள்ளே ஒட்டிய சீட்டில் எந்த எண் என்று பார்க்க அரை நிமிடம் ஆகும்.

நல்ல ஹெல்மெட்டுக்கும் எல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உச்சியில் அடிக்கும் சோதனையில் ஐந்து கிலோ எடையை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள். தலைக்குப் போய்ச் சேரும் விசை 10 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யூஐஏஏ அதை 8 கிலோநியூட்டன் என்று இன்னும் இறுக்கியிருக்கிறது. இரண்டு மீட்டர்தானா என்று சிரிக்க வேண்டாம், அடி ஏறத்தாழ 100 ஜூல். அரைக்கிலோ கல் ஒன்று 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் அதே அடிதான். அதே கல் 60 மீட்டரிலிருந்து வந்தால் மூன்று மடங்கு. முன்னால், பின்னால், பக்கவாட்டில் அடிக்கும் சோதனைக்கோ எடை அரை மீட்டரிலிருந்துதான் விழுகிறது, அதாவது உச்சிக்கு வைத்த சோதனையில் கால் பங்கு. விழுபவர்களில் எத்தனை பேர் உச்சந்தலையை நேராகக் கொண்டுபோய் மோதுகிறார்கள்? பக்கவாட்டிலும் பின்னாலும் நுரையைக் கீழே வரை இறக்கிச் செய்த ஹெல்மெட்டுகள் இப்போது வருகின்றன. புதிதாக வாங்கும்போது அந்த வகையைப் பாருங்கள் என்பேன்.

2013 டிசம்பரில் பிரான்சின் மெரிபெல்லில் பனிச்சறுக்கின்போது பாறையில் மோதினார் கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர். ஹெல்மெட் அணிந்திருந்தார். அது இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வரைகூட வந்திருக்க மாட்டார் என்றார்கள் மருத்துவர்கள். அது இருந்தும் மூளையில் பலத்த காயம். இரண்டும் உண்மை. நான் பார்த்த பல பயணத் தலைவர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்: "போட்டா ஒண்ணும் ஆகாது" என்று ஒருவர், "பெரிய கல்லு வந்தா ஹெல்மெட் என்ன செய்யும்" என்று இன்னொருவர். பெரிய கல் எப்போதாவதுதான் வரும். நெல்லிக்காய்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

மூட்டை என்று சொன்னேன் அல்லவா, அந்த மூட்டையே ஒரு பிரச்சினை. மேலே கயிற்றுச் சுருளையும் இரும்புச் சாமான்களையும் போட்டு அமுக்கினால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை நசுங்கும். அந்த நுரை ஒரே ஒரு முறை நசுங்கிக் காப்பாற்றுவதற்காகச் செய்தது. வண்டியிலேயே நசுங்கிவிட்டால் பாறையில் நசுங்க மிச்சம் இருக்காது. வெளியே கீறல் தெரியாமலும் இருக்கலாம். உட்காருவதற்கு ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளும் நண்பர்களையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். வெயிலில் மூடிய காருக்குள் விடுவதும், பெயின்ட் அடிப்பதும், கண்ட பசையோடு ஸ்டிக்கர் ஒட்டுவதும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பல தயாரிப்பாளர்கள் பிளாஸ்டிக் ஹெல்மெட்டுக்கு, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும்கூட, தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆயுள் சொல்வதில்லை. தேதி உள்பக்கத்தில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டு, வாங்கிய தேதியையும் பட்ட அடியையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாமே. கயிற்றுக்கு அந்த நோட்டு வைத்திருக்கிறீர்கள், நானே பார்த்திருக்கிறேன்.

எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பாறையைத் தொடும்போதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கல் விழும் இடம் பாறையின் அடிவாரம். அங்கே பையைத் திறப்பவர், சாப்பிடுபவர், முறைக்காகக் காத்திருப்பவர் எல்லாருக்கும் ஹெல்மெட் வேண்டும். ஏறி முடித்ததும் வேர்க்கிறது என்று முதலில் கழற்றுவது பெரும்பாலும் தலைவர்தான், அதைப் பார்த்து மற்றவர்கள். "கல்!" என்று கத்தினால் அண்ணாந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதை ஏறுவதற்கு முன் ஒருமுறை எல்லாரையும் செய்யவைத்துப் பாருங்கள். சொல்லிக் கொடுத்தது மட்டும் போதவில்லை. சத்தம் கேட்டால் தலை தானாக மேலே போகிறது.

அடி பட்டவர் எழுந்து சிரித்தால் விட்டுவிடுகிறீர்கள். 2009 மார்ச்சில் கனடாவின் மோன் திரெம்பிளானில், புதிதாகக் கற்பவர்களுக்கான பனிச்சறுக்குச் சரிவில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தார். எழுந்து நடந்தார், பேசினார், ஒன்றும் இல்லை என்றார். சிறிது நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் இறந்துபோனார். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசியும்போது இப்படி ஒரு நல்ல இடைவெளி வருவதுண்டு. தலையில் பலமாக அடிபட்டவரைத் தனியாக விடக் கூடாது. தலைவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, தூக்கம் அமுக்கினாலோ காத்திருக்காமல் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் போட்டிருந்த ஹெல்மெட் திரும்ப மூட்டைக்குள் போகக் கூடாது. பட்டையை வெட்டி எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பயணத்தில் கடைசியாக நிற்கும் ஆளுக்கு அதுதான் வரும்.

பத்துப் பேருக்கு இதெல்லாம் செய்ய அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணி நேரம் இல்லை என்பதுதான் எப்போதும் எனக்குக் கிடைக்கும் பதில். அடுத்த பயணத்துக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் முன்பே வந்துவிடுகிறேன், டேப் என்னிடம் இருக்கிறது. மூட்டையை மட்டும் முதலில் இறக்கி வையுங்கள்.

அன்புடன்,
புருவத்துக்கு மேலே மூன்று தையல் போட்டவன்